பலகை நிறைஞ்சிருக்கு

பன்னெண்டு டோக்கனும் வந்துட்டு. ஒண்ணுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் நம்பர் அடிச்ச பித்தளை வட்டம், ஒவ்வொண்ணும் அதது ஆணியில தொங்குது, ரெண்டு தடவை எண்ணிட்டேன், மூணாவது தடவை எண்ணுறத யாராவது பாத்தா சிரிப்பாவ. அப்பம் இந்தச் செருப்பு யாருது? பச்சை வாரு போட்ட ரப்பர் செருப்பு. இடது கால்ல வாரு பிடுங்கிட்டு வராம இருக்க அடியில ஊக்கு மாட்டியிருக்கு. கடைசிக் கூட்டம் நாலரைக்கு ஏறிச்சு, நாலு அம்பதுக்கு எறங்கிச்சு, இப்பம் மணி அஞ்சு அஞ்சு. எறங்கினவிய எல்லாரும் அவிய அவிய செருப்பை மாட்டிக்கிட்டு முறுக்கு கடைக்கும் ராட்டினத்துக்கும் போயாச்சு. இது மட்டும் சுவரோரமா நிக்கி. கெடக்குன்னு சொல்ல வாய் வரல. மத்த ஜனம் செருப்பக் கழட்டி எறியும், ஒண்ணு இங்க, ஒண்ணு அடுத்தவன் செருப்பு மேல. இது எறிஞ்ச செருப்பு இல்ல, வச்ச செருப்பு. குனிஞ்சு, ரெண்டையும் ஒட்டி, நுனி சுவரைப் பாக்க வச்சிருக்கு. மறந்துட்டுப் போயிருப்பாவன்னு எனக்கு நானே சொல்லிப் பாக்கேன். வெளிய பூராவும் சரள்கல்லு. வெறுங்காலோட பத்தடி வச்சா யாருக்கும் ஞாபகம் வந்துரும். சரி, புதுசு வாங்கியிருப்பா, பழசை விட்டுட்டுப் போயிருப்பான்னு சொல்லிப் பாக்கேன். புதுசு வாங்க நெனைக்கிறவ ஊக்கு மாட்டுவாளா? ஊக்கு மாட்டினவ இன்னும் நடக்கணும்னு நெனைச்சவதான. நடக்கணும்னு நெனைச்சவ ஏன் எறங்கி வரல? ஏ எமரன்ஸ், கிறுக்கச்சி, எந்திரிச்சுப் போயி வேலையப் பாரு.

எனக்கு வேலையே இதுதான். சங்குமுனைக் கடல் அருங்காட்சியகத்துல கலங்கரை விளக்கத்துக் கீழ்வாசல் எமரன்ஸ், அம்புட்டுதான் நம்ம பெரும. உள்ள திமிங்கல எலும்பு, முத்துக் குளிக்கிறவன் கால்ல கட்டுற கல்லு, தோணி பொம்மை, அதையெல்லாம் விளக்கிச் சொல்லப் படிச்ச பிள்ளைய இருக்கு. நான் வாசல்ல. பொங்கலுக்கு மூணு நாளு கடல் விழா வச்சா பஸ்சு பஸ்சா வந்து குமியுது ஜனம், அதுலயும் இன்னைக்குக் காணும் பொங்கல், கேக்கவே வேண்டாம். ஒரு நேரத்துக்குப் பன்னெண்டு பேரு. செருப்பக் கழட்டச் சொல்லணும், படி தேஞ்சு வழுவழுன்னு இருக்கு. டோக்கன் குடுக்கணும், இருபது நிமிசத்துல விசில் ஊதணும், எறங்கினதும் டோக்கன வாங்கி மாட்டணும். பொறவு எழுதிப் போடாத சட்டம் ஒண்ணு உண்டு. தனியா வந்தா மேல விடாத. ஏன் எதுக்குன்னு யாரும் விளக்கல. உசரமான எடத்துக்கெல்லாம் அந்தச் சட்டம் இருக்கும்போல. கடைசிக் கூட்டத்துல ஒருத்தி தனியாத்தான் வந்தா. கத்திரிப்பூ கலர் சேலை, அம்பது அம்பத்தஞ்சு வயசு, கையில பையி இல்ல, தண்ணி பாட்டில் இல்ல, திருவிழாவுக்கு வந்த முகமும் இல்ல. "தனியா விட மாட்டமேம்மா"ன்னேன். அவ வாதாடல, ஒதுங்கி நின்னா, வெயில்ல நின்னா. எனக்குத்தான் பொறுக்கல. பின்னால ஒரு மீசைக்காரர் குடும்பம், திருநெல்வேலிப் பக்கம், அவரு, சம்சாரம், மச்சினி, ரெண்டு பொம்பளப்பிள்ளை. "அண்ணாச்சி, இந்த அம்மாவையும் உங்க கூடக் கூட்டிட்டுப் போங்க"ன்னு நானே சேத்து விட்டேன். நானேதான். படியில கால வைக்கிறதுக்கு முந்தி அவ திரும்பி, "மேல எம்புட்டு நேரம் நிக்கலாம்?"னு கேட்டா. இருபது நிமிசம்னேன். "போதும்மா. அது போதும்"னா. அப்பம் அது காதுல விழுந்துச்சு, மண்டையில ஏறல. இப்பம் ஏறுது. இருபது நிமிசம் எதுக்குப் போதும்?

மீசைக்காரர் எறங்கி வந்து ஆறு டோக்கன ஒண்ணா என் கையில வச்சாரு. "எண்ணிப் பாத்துக்கோங்கம்மா, ஆறும் இருக்கு"ன்னாரு. நான் டோக்கன எண்ணினேன். தலைய எண்ணல. குடும்பத் தலைவன்னா அப்படித்தான, பஸ் டிக்கெட்டையும் அவருதான் வாங்கி வைப்பாரு, எல்லாரு டோக்கனையும் அவரே வாங்கிச் சட்டைப் பையில போட்டிருப்பாரு, அவளும் நீட்டியிருப்பா. கொண்டுபோயிக் குடுங்கண்ணே, நான் பின்னால வாரேன்னு சொல்லியிருப்பா. அவரு மேல என்ன தப்பு? அவருக்கு அவ யாரு? எனக்குத்தான் அவ யாரு? அந்த நேரம் பாத்துச் சின்னப்பிள்ளை ஒண்ணு குச்சி ஐஸக் கீழ போட்டுட்டு வீலுன்னு கத்துச்சு, நான் திரும்பிட்டேன், பலகையில மாட்டினேன், நிறைஞ்சிட்டு, நிம்மதி. மூணு வருசமா பலகை நிறைஞ்சா எனக்கு நிம்மதி. மாதாவே, இந்த மூணு வருசத்துல ஒரு நாளாவது நான் ஆளப் பாத்திருக்கேனா?

திரவியம் சார் வாராவ. விழாப் பொறுப்பு அவியதான், நல்ல மனுசன், மூணு நாளா ஒறக்கம் கெடையாது, நெத்தியில விபூதி வேர்வையில கரைஞ்சு வழியுது. "யக்கா, ஆறு மணிக்குச் சிறப்பு விருந்தினர் வாராவ. இந்த வாசல்லதான் போட்டோ. பெருக்கித் தண்ணி தெளிக்கச் சொல்லியிருக்கேன். இதென்ன பிஞ்ச செருப்பு? எடுத்துத் தூரப் போடுங்க." தொடாதீயன்னு கத்திட்டேன். அவியளே ஒரு அடி பின்னால போயிட்டாவ. "சார், மேல ஒரு ஆளு இருக்கு." "பலகையப் பாத்தியளா?" "பாத்தேன்." "எத்தனை?" "பன்னெண்டு." "பலகை நிறைஞ்சிருக்குல்லா? பொறவு என்னக்கா?" போதும்னு ஒரு பொம்பள சொன்னான்னு சொன்னா இவிய என்ன செய்வாவ? காவக்காரர எங்கன்னு கேட்டேன், கார் நிறுத்துற எடத்துல நிக்காராம். "நீங்க காலைலேர்ந்து வெயில்ல இருக்கியக்கா, ஒரு எளநி குடிங்க"ன்னு சொல்லிட்டு, காதுல போன வச்சுக்கிட்டே போயிட்டாவ. எளநி. எனக்கும் எளநி குடிக்க ஆசைதான். அவிய சொன்னதும் ஒரு நிமிசம் சரிதான்னு தோணுச்சு, பொய் சொல்ல மாட்டேன். நூத்தி நாப்பத்தேழு படி. எனக்கு வலது முட்டி சரியில்ல. ஏறிப் போயி அங்க ஒருத்தரும் இல்லன்னா ஊரே சிரிக்கும். ஏறிப் போயி ஒருத்தரும் இல்லன்னா, அது சிரிக்கிற விசயமா? ஒருத்தரும் இல்லைங்கிறதுக்கு ரெண்டு அர்த்தம் இருக்கே. பத்து நிமிசமா நான் நாற்காலியில உக்காந்து செருப்பையே பாத்திருக்கேன். அலை எப்பம் ஓய, தலை எப்பம் முழுக? எந்திரிடி.

என் செருப்பு எப்பவும் நாற்காலிக்கு அடியிலதான். வெறுங்காலோட ஏறுதேன். ஒண்ணு, ரெண்டு, மூணு. உள்ள ஈரச் சுண்ணாம்பு வாடை, வவ்வா வாடை. எட்டு, ஒம்பது. திரவியம் சார் எங்க ஊரு ஆளு இல்ல, அவியளுக்கு ஒரு செருப்பு வெறும் செருப்பு. எங்க கரையில அப்படி இல்ல. கட்டுமரத்துல போறவன், போட்டுல போறவன், எல்லாரும் செருப்ப மணல்லயே கழட்டிப் போட்டுட்டுத்தான் போவான், உப்புத் தண்ணில செருப்பு என்னத்துக்கு. அவன் திரும்பி வாரவரைக்கும் அத ஒருத்தரும் தொட மாட்டாவ. பிள்ளைய எடுத்து விளையாடினா அடி விழும், நாயி கவ்வினா கல்லெடுத்து எறிவாவ. அவன் எறங்கினா கால வைக்க அது அங்க இருக்கணும். அம்புட்டுதான், வேற மந்திரம் கெடையாது. என் வீட்டுக்காரரு கஸ்பார் இன்னும் ஒரு படி மேல, கழட்டினத அப்படியே விட மாட்டாரு, குனிஞ்சு திருப்பி, ஊரைப் பாக்க வச்சிட்டுத்தான் தண்ணில எறங்குவாரு. வந்ததும் நேர மாட்டிக்கிட்டு நடக்கலாம்லாம்பாரு. இருபத்தஞ்சு, இருபத்தாறு. இந்தப் பச்சைச் செருப்பு சுவரைப் பாக்க இருக்கு. திருப்பி வைக்கல. ஜனத்துல நூத்துக்குத் தொண்ணூறு பேரு திருப்பி வைக்கிறதில்லதான், அதுக்கெல்லாம் கணக்குப் பாத்தா நான் தெனமும் நூறு தடவை ஏறணும். முப்பது. முதல் சன்னல். கீழ சிமிண்டுத் தொட்டியில பிள்ளைய காயிதக் கப்பல் விடுது, மைக்குல, அடுத்து கயிறு முடிச்சுப் போட்டி, போட்டியாளர்கள் மேடைக்கு வரவும்னு கத்துதான். எந்தக் கூச்சலும் இல்ல, யாரும் ஓடல. ஏதாவது நடந்திருந்தா கூச்சல் கேட்டிருக்கும்லா? ஜனம் இருக்கிற பக்கம்னா கேட்டிருக்கும். கடல் பக்கம்னா கீழ பாறை, அங்க யாரு நிக்கா? யம்மாடி. முப்பத்தொண்ணு.

கஸ்பாரோட செருப்பு இப்பம் அருங்காட்சியகத்துலதான் இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள, அடியில வெள்ளைத் துணி விரிச்சு, மேல சின்ன பல்பு போட்டு. அவருக்கு உசுரோட இருந்தப்பம் கூட அம்புட்டு வெளிச்சம் யாரும் போடல. அவரு கடலுக்குப் போயித் திரும்பாத அந்தப் புயல் அடிச்சு நாலு வருசம் கழிச்சு புயல் நினைவு அறைன்னு ஒண்ணு தெறந்தாவ, குடும்பங்கள்ட்ட ஏதாவது பொருள் கேட்டாவ, மாமியார் எடுத்துக் குடுத்துட்டாவ. செருப்பு உள்ள, நான் வாசல்ல, ஒரு வீட்டுல ரெண்டு பேருக்கு வேலைன்னு தெருவுல கேலி பேசினவியளும் உண்டு. எழுதியிருக்கு: கடலுக்குச் சென்ற மீனவர் ஒருவரின் காலணி, பதினோரு நாட்கள் கரையில் அதே இடத்தில் காத்திருந்தது. நாப்பத்தெட்டு, நாப்பத்தொம்பது. அத வாசிச்சுட்டுப் பொம்பளையெல்லாம் கண்ணத் தொடைக்கிதுவ. அதே இடத்துலயாம். பொய்யி. பச்சைப் பொய்யி. பதினோரு நாள்ல நாலு நாளு அது என் கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. இது எனக்கும் அந்த மாதாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆறு வருசத்துல பாவசங்கீர்த்தனத் தொட்டியில எத்தனை தடவை முட்டுப் போட்டிருக்கேன், புறணி பேசினேன் சாமி, கோவப்பட்டேன் சாமி, எல்லாம் சொல்லுவேன், இது மட்டும் சொல்லாமலே எந்திரிச்சு வந்துருவேன்.

அறுபது. முட்டி கொதிக்கி. சன்னல்ல கோயிலு கோபுரம், கரையில ஏத்திப் போட்ட போட்டு, எல்லாம் பொம்மை மாதிரி. நான் ஏன் எடுத்தேன்? கேட்டா சின்ன விசயம். கார்த்திகை மாசம், புயல் வாரதுக்கு முந்தின சாயங்காலம், கடல் ஏறி ஏறி வருது, அவரு போயி ஒரு நாளு ஆகியிருந்துச்சு. மணல்ல பதினாலு ஜோடி செருப்பு. அவருது புதுசு, மாதா திருவிழாவுக்கு வாங்கினது, கருப்புத் தோலு. அலை ஒண்ணு வந்து அதுலேர்ந்து ஒரு சாணுக்கு அந்தால நின்னு திரும்பிச்சு. அடுத்த அலை எடுத்துரும்னு எடுத்துட்டேன். புதுச் செருப்பாச்சே, போயிட்டுன்னா வந்து கத்துவாரேன்னு எடுத்துட்டேன். சேலைக்குள்ள மறைச்சுக் கொண்டு வந்தேன், மறைக்கும்போதே தெரியும் தப்புன்னு. எழுபத்திரண்டு. அன்னைக்கு ராத்திரி மத்த செருப்புல பாதிய அலை கொண்டுட்டுப் போயிட்டு. கஸ்பார் மாதிரியே கடலுக்குப் போயிருந்த தொம்மையோட செருப்பும் போச்சு. தொம்மை ஒம்பதாம் நாளு கேரளா பக்கம் கரை சேந்து உசுரோட வந்துட்டான். அப்பம் செருப்பு இல்லாட்டா ஆளு வராதுங்கிறது பொய்தான? பொய்தான்னு ஆயிரம் தடவை சொல்லியாச்சு. ஆனா தொம்மை செருப்ப எடுத்தது கடலு. கஸ்பார் செருப்ப எடுத்தது நானு. கடலு எடுக்கலாம், அது எடுக்கும், குடுக்கும். வீட்டுல இருக்கிறவ எடுக்கலாமா? வீட்டுல இருக்கிறவளே அவன் வர மாட்டான்னு முடிவு பண்ணி எடுத்துட்டா, அவன் எதுல கால வைப்பான்? நான் அப்படி நெனைச்சு எடுக்கல. சத்தியமா நெனைக்கல. புதுச் செருப்பு, அம்புட்டுதான்.

தொண்ணூறு. நின்னு மூச்சு வாங்குதேன். மேல ஒரு சத்தமும் இல்ல. எம்மோய்னு கூப்புட்டா என் சத்தம்தான் சுத்திச் சுத்தி மேல போவுது, பதிலு இல்ல. விசில் கழுத்துல தொங்குது, ஊதலாமான்னு பாத்தேன். விசில் ஊதினா நேரம் முடிஞ்சிட்டு, எறங்குன்னு அர்த்தம். எந்தப் பக்கம் எறங்குவா? வேண்டாம். விசில ரவிக்கைக்குள்ள போட்டேன். தொண்ணூத்தஞ்சு. இதுல நான் ஒரே ஒரு தடவைதான் ஏறியிருக்கேன், இங்க வேலை பாக்கிறவியளுக்குத் தெரியாது, மூணு வருசமா கீழ இருந்துக்கிட்டே, மேல காத்து ஜம்முன்னு இருக்கும் போங்கன்னு ஜனத்த ஏத்திவிடுதேன். புயலுக்கு நாலாவது நாளு பொம்பளையள மேல விட்டாவ, போட்டு ஏதும் தெரியுதான்னு பாருங்கன்னு. முப்பது நாப்பது பேரு, அழுதுக்கிட்டே ஏறினோம். மேல வட்டத்துல நின்னு எல்லாரும் கடலப் பாத்தாளுவ. நான் மட்டும் ஊருப்பக்கம் திரும்பி என் வீட்டு ஓட்டுக்கூரையையே பாத்தேன். அந்த ஓட்டுக்குக் கீழ, கட்டிலுக்கு அடியில அது இருக்கு. கடலு ஏறிக் கெடந்ததால அதுவரைக்கும் ஒருத்தரும் மணலுக்கு எறங்கல. மறுநா விடியக்காலம் கொண்டுபோயி மணல்ல வச்சேன், ஊரைப் பாக்கத் திருப்பி, அவரு வைக்கிற மாதிரியே. கொஞ்ச நேரத்துல மாமியார் வந்து, ஏ, எம்மவன் செருப்ப அலை கூடத் தொடலையேன்னு மண்ணுல விழுந்து கும்பிட்டாவ. நூத்திப் பத்து. அந்தக் கும்பிடு. அதுக்கு மேல யாருகிட்ட என்னத்தச் சொல்ல?

நூத்தி இருவது. மூணாவது சன்னல்ல ஊரு இல்ல, கடலு மட்டும்தான். குனிஞ்சு பாறையப் பாக்கலாம். பாக்கல. பாத்தாத் தெரிஞ்சிரும், தெரிஞ்சிட்டா மேல ஏறுறதுக்கு வேலை இல்ல, எறங்கிருவேன். பாக்காம இருந்தா இன்னும் இருபத்தேழு படி இருக்கு. எனக்கு என் மேலயே ஆத்திரமா வருது. அஞ்சு மணிக்கே ஏறியிருந்தா? அஞ்சு மணிக்குச் செருப்பப் பாத்தேன், ஆனா உக்காந்திருந்தேன். வேலை போயிரும்னு பயம், முட்டி வலிக்கும்னு பயம், சிரிப்பாவளேன்னு பயம், மேல போனா அந்த வட்டத்துல திரும்ப நிக்கணுமேன்னு பயம். அவ்வளவு பயத்தையும் வரிசையா மாட்டி வைக்க ஒரு பலகை இருந்தா அதுவும் நிறைஞ்சிருக்கும். நூத்தி நாப்பது. நாப்பத்தொண்ணு. கதவு தெறந்து கெடக்கு. காத்து உள்ள வந்து மூஞ்சில அடிக்கி. நாப்பத்தாறு. நாப்பத்தேழு. சேசுவே.

வெளிய காலெடுத்து வச்சதும் முதுகச் சுவத்தோட ஒட்டிக்கிட்டேன். வட்டமான நடை, ரெண்டு பேரு உரசாம போற அகலம், இடுப்பு வரைக்கும் கம்பி. ஒருத்தரும் இல்ல. சுவத்துல கைய வச்சு வச்சு நகருதேன், ஊருப்பக்கம், உப்பளப்பக்கம், கடல் பக்கம், கம்பியில ஏதும் துணி மாட்டியிருக்கான்னு பாக்கேன், இல்ல, திரும்பக் கதவுக்கே வந்துட்டேன். முழு வட்டம். ஒருத்தரும் இல்ல. அப்பம் முடிஞ்சிட்டு. பத்து நிமிசம் உக்காந்தேனே, அந்தப் பத்து நிமிசத்துல. கூப்பாடு போட வாயத் தொறந்தேன். அப்பம்தான் தெரிஞ்சுது, வளைவுக்கு அந்தால கத்திரிப்பூ கலர் முந்தி ஒரு முழம் காத்துல ஆடிச்சு, வெடுக்குனு போயிட்டு. மாதாவே. நான் சுத்தச் சுத்த அவளும் எனக்கு முன்னால சுத்தியிருக்கா. நான் கடல் பக்கம் நின்னப்பம் அவ ஊருப்பக்கம், நான் ஊருப்பக்கம் வந்தப்பம் அவ கடல் பக்கம். உசுரோட இருக்கா, என் கையில அகப்படல. ஓடிப் பிடிக்கலாமா? ஓடினா அவளும் ஓடுவா, ஓடுற வேகத்துல வேற என்ன செய்வாளோ. எதுத்தாப்புல போனா? முகத்துக்கு நேரப் பாத்துட்டா? நான் நின்னுட்டேன். வட்டத்துல நிக்கிறவளத்தான் சுத்துறவ வந்து சேர முடியும். ஆனா என்னத்தச் சொல்லி வரச்சொல்ல? வாழ்க்கைன்னா நாலும் இருக்கும்மான்னா? எவ கேப்பா அத, நானே கேக்க மாட்டேன். அவ பேரு தெரியாது, ஊரு தெரியாது. அவளைப் பத்தி எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான்.

"எம்மா! உங்க செருப்பு கீழ அப்படியேதான் இருக்கு. நான் எடுக்கல. எடுக்க வந்தவியளையும் எடுக்க விடல."

காத்து. மைக்குல யாருக்கோ பரிசு. கடலு கீழ பாறையில மோதுற சத்தம், மோதி உள்ள போற சத்தம். பொறவு சுவத்துக்கு அந்தால ஒரு குரலு, அழுத குரலு இல்ல, அதான் எனக்கு இன்னும் பயம், சாதாரணமா சோறு பொங்கியாச்சான்னு கேக்குற மாதிரி.

"அந்த அறுந்த செருப்பா?"

"ஆமா. ஊக்கு போட்டது."

"பஸ்ஸ்டாண்டுல வச்சு அறுந்துட்டு. இன்னைக்கு ஒரு நாளைக்குத்தான, வெறுங்காலாப் போயிரலாம்னு பாத்தேன். ஒரு பிள்ளை விடல. யாருன்னே தெரியாது. தாவணியிலேர்ந்து ஊக்கக் கழட்டி, ரோட்டுல முட்டுப் போட்டு, அவளே மாட்டி விட்டா."

"அப்பம் வந்து போடுங்க. அவ மாட்டினது அப்படியே இருக்கு."

"இருக்கா?"

"இருக்கு. என் ஆணை. நான் பாத்துட்டுத்தான் வாரேன்."

நான் கடலப் பாத்தேன். ஆறு வருசம் கழிச்சு நேர பாத்தேன், வேற எங்க பாக்க. வெறுங்கால் சத்தம் கேட்டுச்சு. சிமிண்டுல மெதுவா ஒண்ணு, பொறவு ஒண்ணு. கிட்ட வருதா தூரப் போவுதான்னு பிரிச்சுச் சொல்ல முடியல அந்தக் காத்துல. வலது பக்கம் வளைவுல அவ முகம் வந்துச்சு. உதடெல்லாம் உப்பு. என் கைய நீட்டினேன், பிடிக்கல, என் தோளுல கைய வச்சா. ஈரக் கை. நான் முன்னால, அவ பின்னால, எறங்க ஆரம்பிச்சோம்.

எறங்கும்போது நான் எண்ணல. அவ கை என் தோளுல இருக்கான்னு மட்டும்தான் நெனைப்பு. எறங்கிட்டு ரெண்டு பேருமா எளநி குடிக்கலாம், அவ ஊரக் கேக்கலாம், பஸ்சு ஏத்திவிடக் கூடாது, இன்னைக்கு நம்ம வீட்டுல இருக்கட்டும், பொங்கலுக்கு வெட்டின கரும்பு மிச்சம் இருக்கு. பாதி எறங்கினதும் அவ கேட்டா, "நெசமா அங்கதான இருக்கு?" "அங்கதான் இருக்கு." முதல் சன்னலுக்கு வந்ததும் திரும்பக் கேட்டா, சின்னப்பிள்ளை கேக்குற மாதிரி. "சுவரோரமா இருக்கு, எவனும் தொடல"ன்னேன். மைக்குல, நமது சிறப்பு விருந்தினர் இதோ வந்துகொண்டிருக்கிறார்னு சத்தம். கீழ்வாசல் வெளிச்சம் தெரியுது. கடைசித் திருப்பம். மண்ணு நனைஞ்ச வாசனை வருது.

பெருக்கித் தண்ணி தெளிச்சிருக்கு. சுவரோரம் ஈரம் மட்டும்தான் இருக்கு. பலகையில பன்னெண்டு டோக்கனும் தொங்குது, பளபளன்னு, யாரோ தொடைச்சு வேற வச்சிருக்காவ. தூரத்துல திரவியம் சார் மாலையோட நிக்காவ, என்னப் பாத்துட்டு, "யக்கா, நானே எடுத்துக் குப்பையில போட்டுட்டேன், வண்டி வந்து அள்ளிட்டுப் போயிட்டு, நீங்க சிரமப்பட வேண்டாம்"னு சந்தோசமாக் கத்துதாவ. நல்ல மனுசன். நானும் அன்னைக்கு நல்லதுக்குத்தான் எடுத்தேன். எனக்குப் பின்னால அவ நின்னுட்டா. கடைசிப் படியில நிக்கா. "இல்லியே"ன்னா. கோவம் இல்ல, கேள்வி இல்ல, தனக்குத்தானே சொல்லிக்கிட்டா, இல்லியேன்னு. தோளுலேர்ந்து கை எழும்பிட்டு. அந்தக் கையி இருந்த எடம் குளிருது. அவளுக்குப் பின்னால நூத்தி நாப்பத்தாறு படி இருக்கு, மேல கதவு தெறந்து கெடக்கு, நான் பூட்டல.

நான் பாய்ஞ்சு நாற்காலிக்கு அடியில கைய விட்டேன். என் செருப்ப எடுத்தேன். அவ நிக்கிற படிக்குக் கீழ, ஈர மண்ணுல, ரெண்டையும் ஒட்டி, ஊரைப் பாக்கத் திருப்பி வச்சேன். முட்டி மடங்கல, மடக்கினேன், தரையில முட்டுப் போட்டேன். சிறப்பு விருந்தினர் கார்லேர்ந்து எறங்குதாவ, கேமராக்காரன், யம்மா கொஞ்சம் தள்ளுங்கங்கான், நான் தள்ளல. "எம்மா, நான் பொய் சொல்லல. நான் ஏறும்போது அது இருந்துச்சு. இது என்னுது. இதுல வைங்க"ன்னேன். அவ என்னப் பாத்தா. எனக்கு அழுகை வந்துட்டு, ஆறு வருசமா வராத அழுகை, கேமராவுக்கு முன்னால கேவிக் கேவி அழுதுக்கிட்டே அவ வலது காலப் பிடிச்சேன், எடுத்து வச்சேன். ஒரு விரக்கடை பெருசா இருக்கு அவளுக்கு, பரவாயில்ல, நடக்கலாம். இடது காலு இன்னும் படியிலதான் இருக்கு. அதத் தொட்டு இழுக்க எனக்குக் கை வரல. செருப்பப் பிடிச்சுக்கிட்டு, அப்படியே குனிஞ்சிருக்கேன்.